எட்டாவது தீர்மானம்

தம்பி, இது வள்ளியூர் வண்டிதானே? ஆமாவா? சரி, சந்தோசம். கண்டக்டர்ட்ட கேட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடுதான். போர்டைப் பாத்து ஏறலாம்லா பெரியவரேங்கான். போர்டுல இப்ப என்ன தெரியுது? முன்னால பலகையில கொட்டை எழுத்துல எழுதியிருப்பான், தூரத்துல வரும்போதே தெரியும். இப்ப லைட்டுல போட்டு ஓட விடுதான். ஓடுறதை நின்னு எப்படிப் படிக்கிறது? கேட்டு ஏறுறதுதான் நல்லது. கேட்டாலும் வாயால சொன்னதை நம்பிறப்படாது, எழுத்துல குடுன்னு கேக்கணும். எட்டு மாசமா நான் அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன்.

கொஞ்சம் நகந்துக்கிடுங்க. இல்ல, பையை மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள பெருசா ஒண்ணும் இல்ல, நாலே நாலு தாள்தான். ஆனா சீல் போட்ட தாள். பதிவாளர் ஆபீஸ்ல இருந்து வாங்கிட்டு வாரேன். இந்த நாலு தாளை எங்கிட்ட காட்டாம இருக்கதுக்கு ஒருத்தன் எட்டு மாசம் என்ன பாடு பட்டான்னு நினைக்கிய?

நீங்க எங்க எறங்கணும்? நாங்குநேரியா? அப்ப ரொம்ப நல்லது. வள்ளியூருக்குத் தெக்க உங்களுக்கு யாரும் சொந்தக்காரங்க இருக்காங்களா? எங்க ஊரு புதுப்பனங்குளத்துல? இல்லையே? சும்மாதான் கேட்டேன். உங்க பேரு வேண்டாம். எம் பேரு ஆறுமுகநயினார். மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவன். வேலையிலயும் லைன், விளையாட்டுலயும் லைன்னு எங்க ஊர்ல கேலி பண்ணுவாங்க. ஏன்னா நான் வாலிபால் ரெஃப்ரி. முப்பத்தோரு வருசம், பாத்துக்கிடுங்க. நெட்டுக்கு ஒரு ஓரமா ஏணி வச்ச ஸ்டாண்டு இருக்கும்லா, அதுல ஏறி நின்னு விசில் ஊதுறவன். கீழ ஒரு ரெஃப்ரி நிப்பான், அவன் சும்மா ஒத்தாசைக்கு. மேல நிக்கவன் சொல்லுததுதான் முடிவு. வளர்பிறை வாலிபால் கழகத்துல அந்த ஸ்டாண்டுல என்னைத் தவிர வேற ஆளு ஏறினது கிடையாது.

கழகம்னா ஏதோ நாலு பயலுவ சேந்து போர்டு மாட்டினதுன்னு நினைச்சிராதிய. முறையா பதிவு பண்ணின சங்கம். நான் மூணாம் நம்பர் மெம்பர். அந்தச் சட்டதிட்டப் புஸ்தகத்தை உக்காந்து எழுதுனதுல நானும் ஒருத்தன். அதுல பதினேழாவது விதி, இப்பவும் மனப்பாடமாச் சொல்லுவேன்: ‘கழக உறுப்பினர் எவரும் தக்க முன்னறிவிப்புக் கொடுத்துக் கழகத்தின் பதிவேடுகளைப் பார்வையிடலாம்.’ அன்னைக்கு இருந்த தலைவரு ‘பரிசீலிக்கலாம்’னு போடச் சொன்னாரு. அது என்ன பரிசீலிக்கிறது, பாக்கிறதுன்னா பாக்கிறது, பார்வையிடலாம்னு போடுங்கன்னு நான்தான் சண்டை போட்டேன். அந்த வார்த்தையே நான் போட்டது. அதை வச்சே என்னைக் கொன்னுட்டாங்க, அதைத்தான் சொல்ல வாரேன்.

தை மாசம் பொங்கல் டோர்னமெண்டு. பொம்பளப் பிள்ளைய மேட்ச். இருபத்திநாலு, இருபத்திமூணு. ஒரு பாயிண்டுல முடிஞ்சிரும். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அடிச்ச பந்து லைன்ல விழுந்துச்சு. நான் பாத்தேன். விசில் ஊதி உள்ளன்னு கையைக் காட்டிட்டேன். கூட்டம் கெடந்து கத்துது. லைன்ல நின்ன பய கொடியைத் தூக்கி வெளிய வெளியங்கான். ஒரு அடி தள்ளி விழுந்துச்சாம். ஒரு அடியாம். இவன் நேத்துப் பெறந்தவன், எனக்கு லைன் காட்டுதான். என் முடிவுதான் முடிவுன்னுட்டேன். அதுக்கு முந்தின செட்டுலயும் சின்னதா ஒரு சலசலப்பு இருந்துச்சு, அதைப் பொறவு சொல்லுதேன்.

பத்து நாள் கழிச்சு செயலாளர் வீட்டுக்கு வாரான். ஜெபசிங்னு பேரு. நான் விசில் ஊதி வளத்த பய. சர்வீஸ் போடும்போது காலை லைன்ல வைக்காதலன்னு நூறு தடவை சொல்லிக் குடுத்தவன் நான். வந்தான், காப்பி குடிச்சான், இந்த வருசம் மழை இல்லைங்கான், முருங்கைக்கா விலையைப் பத்திப் பேசுதான். மூஞ்சியைப் பாத்தே பேச மாட்டேங்கான். போகும்போது ஒரு கவரை டீவி மேல வச்சுட்டுப் போயிட்டான். பெத்த பிள்ளை மாதிரி இருந்த பய கையில குடுக்கல பாத்துக்கிடுங்க, டீவி மேல வச்சுட்டுப் போறான். என் மக வடிவு பிரிச்சு வாசிச்சா. ‘தாங்கள் சிறிது காலம் ஓய்வு எடுத்துக்கொள்ளுமாறு கழகம் அன்புடன் கேட்டுக்கொள்கிறது.’ அன்புடனாம்.

லைன் பந்துக்குத்தான் இந்தக் கோவம்னு நான் நினைச்சுக்கிட்டேன். சரி, ரெண்டு மாசம் போனா அவங்களே வந்து கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். அப்பத்தான் டீக்கடை மாசானம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். கழக மைதானத்துக்கு எதுத்தாப்புலதான் அவன் கடை. கமிட்டிக் கூட்டத்துக்கு டீ கொண்டு போறவன் அவன். சுத்தி ஆள் இல்லாத நேரம் பாத்து, குரலைத் தாழ்த்திச் சொல்லுதான்: “அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. உங்க பார்வை சரியில்லன்னு தீர்மானம் போட்டிருக்காங்க. எட்டாவது தீர்மானம்.”

டீயைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். உங்களுக்குப் புரியுதா, தம்பி? அறுபத்தாறு வயசுல, பொம்பளப் பிள்ளைய விளையாடுத எடத்துல, ஒருத்தனைப் பத்தி பார்வை சரியில்லன்னு எழுதி வச்சா என்ன அர்த்தம்? வேற என்ன அர்த்தம் இருக்கு? எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைய. நான் அந்த மேட்ச்ல முந்தின செட்டுன்னு சொன்னேன்லா, அதுதான் இது. பிள்ளைய வரிசைப்படி எடம் மாறிச் சுத்தி வரணும், அந்தச் சுழற்சி தப்பி நிக்குதான்னு பாக்கணும், அதுக்கு முதுகுல நெஞ்சுல உள்ள நம்பரைப் பாக்கணும். இப்பத் தைக்கிற பனியன்ல நம்பரை என்ன எழவு கலர்லயோ போடுதாங்க, ஒண்ணும் எடுத்துக் காட்டல. நான் ஸ்டாண்டை விட்டு எறங்கி, கிட்டப் போய், குனிஞ்சு பாத்தேன். எட்டா மூணான்னு பாத்தேன், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை கையைக் குறுக்கக் கட்டிக்கிட்டு ரெண்டு எட்டு பின்னால போச்சு. அப்ப நான் அதை ஒண்ணும் நினைக்கல. மாசானம் சொன்ன பொறவுதான் அந்தப் பிள்ளை பின்னால போனது ஞாபகத்துக்கு வந்துச்சு. அன்னையில இருந்து சோறு எறங்கல எனக்கு. தெருவுல எந்தப் பிள்ளை வந்தாலும் நான் எதிர்ப் பக்கமா நடந்துருவேன்.

இதை யார்ட்ட போய்ச் சொல்ல முடியும்? மகள்ட்ட சொல்ல முடியுமா? வீட்ல இருந்தவ போய்ச் சேந்து ஆறு வருசம் ஆச்சு, அவ இருந்தாலும் சொல்ல முடியாது. அதனால ஒரே வழிதான். தீர்மானத்தை எழுத்துல பாத்துரணும். யாரு முன்மொழிஞ்சான், யாரு வழிமொழிஞ்சான், என்ன வார்த்தை போட்டு எழுதியிருக்கான். பாத்துட்டு, சீல் போட்ட நகலை வாங்கிட்டு, கோர்ட்டுல நிறுத்திரணும். மினிட் புக்கைப் பாக்கணும், விதி பதினேழுன்னு எழுதிக் குடுத்தேன். காரணம் எழுதல. மெம்பர் காரணம் சொல்லணும்னு விதியில கிடையாது.

ஜெபசிங் அடுத்த நாளே ஓடி வந்தான். அன்னைக்கு அவன் பேசுன பேச்சை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். “அண்ணாச்சி, அதைப் படிச்சு என்ன செய்யப் போறிய? உங்களுக்கு வருத்தம்தான் மிஞ்சும். இது உங்க வயசுக்கு எல்லாருக்கும் வர்றதுதானே. எங்க அப்பாவுக்கும் வந்துச்சு. இப்பதான் இதுக்கு நல்ல வைத்தியம் இருக்கே”ங்கான். எப்படி இருக்கும் எனக்கு? வயசுக்கு வர்றதுதானாம். அவங்க அப்பாவுக்கும் வந்துச்சாம். நல்லா இருந்த மனுசன் அவங்க அப்பா, அவரையும் இழுக்கான் பாருங்க. இதுக்கு வைத்தியமாம். எந்திரிச்சுப் போலன்னு சொல்லிட்டேன். அன்னைக்கே மகள்ட்ட சொல்லி போன்ல அவன் பேரையும் மாத்திட்டேன். என்ன பேருன்னு கேக்காதிய.

பொறவு ஆரம்பிச்சான் சாக்கு சொல்ல. முதல்ல, புஸ்தகம் ஆடிட்டர்ட்ட இருக்குங்கான். நான் ஆடிட்டர் வீட்டுக்கே போயிட்டேன், அவரு மினிட் புக்கு எங்கிட்ட எதுக்குங்காரு. ரெண்டாவது, தலைவரு பம்பாய்க்குப் போகும்போது தெரியாம பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டு போயிட்டாருங்கான். மினிட் புக்கை வேட்டி சட்டையோட மடிச்சா வைப்பாங்க? மூணாவது, பீரோ சாவி தொலைஞ்சு போச்சு. நான் எல்லாத்தையும் தேதி போட்டு வடிவை எழுதி வைக்கச் சொல்லியிருக்கேன். ஒவ்வொரு லெட்டருக்கும் பதில் லெட்டர் போடுவான். மேல பொருள்னு ஒரு வரி, அதுக்குக் கீழ பார்வைன்னு ஒரு வரி, தங்கள் கடிதம் நாள் இன்னதுன்னு. ஆபீஸ் லெட்டர்ல அப்படித்தான் போடுவாங்க, எனக்குத் தெரியாம இல்ல, முப்பத்தினாலு வருசம் மின்வாரியத்துல இருந்தவன். ஆனா பார்வைங்கிறதுக்கு அடியில கோடு போட்டிருக்கானான்னு மகள்ட்ட கேட்டேன். ஆமாப்பா, போட்டிருக்குன்னா. பாத்தியளா? குத்திக் காட்டுதான்.

நடுவுல ஒரு நாள் ஒரு நோட்டீஸைத் தூக்கிட்டு வந்தான். இலவசக் கண் சிகிச்சை முகாமாம். வேன் வச்சிருக்கோம் அண்ணாச்சி, காலையில கூட்டிட்டுப் போய் மறுநாள் கொண்டு வந்து விட்டுருவோம், நானே கூட வாரேன்ங்கான். எனக்கு வந்த சிரிப்புக்கு அளவே இல்ல. அது என்னைக்கு வச்சிருக்கான் தெரியுமா? மாவட்ட ஃபைனல் அன்னைக்கு. ஊர்ல நான் இருந்தா மைதானத்துக்குள்ள வந்து நியாயம் கேட்டுருவேன்னு பயம். அதனால வேன்ல ஏத்தி அப்புறப்படுத்தப் பாக்கான். வடிவும் போயிட்டு வாங்களேன்ப்பாங்கா. அவளையும் வளைச்சுப் போட்டுட்டான். வீட்டுல வெளக்கு மங்கலா எரியுதுன்னு நான் சொன்னா, பல்பு நல்லாத்தான் இருக்கு, கண்ணைக் காட்டுங்கங்கா. நான் கரண்ட்டுக்காரன், எனக்குத் தெரியாதா? வோல்டேஜ் குறைவு. எங்க ஊரு டிரான்ஸ்ஃபார்மர்ல லோடு கூடிப்போச்சு. பேப்பர்க்காரனும் காகிதம் மிச்சம் பிடிக்க எழுத்தைச் சின்னதாக்கிட்டான். இதுக்கெல்லாம் நான் என்ன செய்ய முடியும்?

இதுல என்னை ரொம்ப அறுத்தது எது தெரியுமா, தம்பி? அந்த ஸ்டாண்டுதான். சாயங்காலம் ஆனா மாசானம் கடையில போய் உக்காருவேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மைதானம். மேல ஒருத்தன் நிக்கான். நீலச் சட்டை. ஜெபசிங்குக்கு ஒரு மச்சினன் உண்டு, தடியன், அவன்தான்னு நினைக்கேன். என்னைத் தூக்குனதே அவனை ஏத்தத்தான், இது சின்னப் பிள்ளைக்கும் புரியும். சரி, ஏறுனவன் ஒழுங்கா நிக்கானா? மரம் மாதிரி நிக்கான். பாயிண்டு போனா எந்தப் பக்கம்னு கையை நீட்டணும்லா? நீட்ட மாட்டான். விசில் சத்தம் கேக்கும், அதுவும் கீழ இருந்து வாரமாதிரி கேக்கும். காத்து அடிச்சா மட்டும் லேசா ஒரு ஆட்டம் ஆடுவான். குடிச்சிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு நாள் பொறுக்க மாட்டாம மாசானத்துட்ட, யாருவே மேல நிக்கதுன்னு கேட்டேன். எங்க அண்ணாச்சி, யாரைச் சொல்லுதியங்கான். என் மூஞ்சியையே பாக்கான். பொறவு பால் பொங்குதுன்னு உள்ள போயிட்டான். அவனும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னையில இருந்து டீக்குச் சீனி கூடப் போடச் சொல்லிக் கேக்கறதில்ல.

எட்டு மாசமும் நான் அங்க போய் உக்காந்தேன். உக்காந்து அந்த நீலச் சட்டைக்காரனையே பாத்துக்கிட்டு இருந்தேன். முப்பத்தோரு வருசம் நின்ன எடம் தம்பி. மழைன்னா மழை, பனின்னா பனி. பொண்டாட்டி செத்த பதினேழாம் நாள் அங்க ஏறித்தான் நான் மனுசன் ஆனேன். அதுல இன்னொருத்தன் காலை வச்சு நிக்கான், அதுக்கு என் பேருல அசிங்கத்தை எழுதி வச்சிருக்கான். எப்படித் தூக்கம் வரும்?

கடைசியில பதிவாளருக்கு மனுப் போட்டேன். அங்க இருந்து கழகத்துக்கு ஒரு ஓலை போச்சு. மெம்பர் கேட்டா காட்டித்தான் ஆகணும், இந்தத் தேதியில புஸ்தகத்தோட ஆபீஸுக்கு வாங்கன்னு. சாவி தானா கெடைச்சுட்டு. பம்பாய்க்குப் போன புஸ்தகமும் வந்துட்டு.

போன மாசம் பதினெட்டாம் தேதி. பதிவாளர் ஆபீஸ் வராந்தாவுல ஜெபசிங் புஸ்தகத்தைத் துணிப்பையில வச்சுக்கிட்டு நிக்கான். என்னைக் கண்டதும் கிட்ட வந்தான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. “அண்ணாச்சி, நீங்க அதைப் படிக்கதுக்கு முன்னால நான் என் வாயால ஒரு வார்த்தை சொல்லிருதேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும், எனக்கு மனசு வரல.” நான் நிக்கவே இல்ல. எதுன்னாலும் எழுத்துல குடுன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அழப்போற மாதிரி இருந்தான். மாட்டிக்கிட்டவன் அழத்தான் செய்வான்.

உள்ள ஒரு அம்மா, கிளார்க்கு. புஸ்தகத்தை மேசையில வச்சுட்டு, பாருங்க சார்ன்னாங்க. ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்தேன், பாத்துக்கிடுங்க. முதல்ல ஒவ்வொரு தாளா விரல் வச்சு எண்ணுனேன். நடுத்தையல் பக்கம் கட்டை விரலால தடவிப் பாத்தேன், தாள் கிழிச்ச அடையாளம் இருக்கான்னு. எங்கயாவது பசை வச்சு ஒட்டியிருக்கானான்னு மோந்து பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா எழுத்து இருக்கே எழுத்து, அதுலதான் வேலையைக் காட்டிட்டான். வெளிறிப்போன மையில, நுணுக்கி நுணுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுத மாதிரி எழுதி வச்சிருக்கான். வேணும்னே செஞ்சது. நான் பாக்கப் போறேன்னு தெரிஞ்சே செஞ்சது. அந்த அம்மா, கண்ணாடி கொண்டு வரலையா சார்ன்னு கேட்டாங்க. எனக்கு எதுக்கும்மா கண்ணாடின்னேன். படிச்சுக் காட்டட்டுமான்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். ஒரு பொம்பள வாயால அதைக் கேக்கவா? பாத்துட்டேன்மா, தை மாசக் கூட்டம் முழுசும் நகல் வேணும்னு எழுதிக் குடுத்து, பார்வையிட்டேன்னு கையெழுத்தும் போட்டுட்டு வந்தேன். அவங்கதான் எங்க போடணும்னு விரல் வச்சுக் காட்டுனாங்க. அந்த நகலைத்தான் இன்னைக்குப் போய் வாங்கிட்டு வாரேன்.

இது என்ன ஊரு? மூன்றடைப்பு தாண்டிட்டா? அப்ப நேரம் இல்ல. தம்பி, உங்களைப் பாத்தா நல்ல வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கு. நான் இவ்வளவும் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்தத் தாளை நான் ஊர்ல யாரு கையிலயும் குடுக்க முடியாது. வக்கீல்ட்ட குடுக்கதுக்கு முன்னால என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியணும். நகல் எடுத்ததுல எழுத்து இன்னும் மங்கிப்போச்சு, வண்டி வேற குலுங்குது. நீங்க நாங்குநேரியில எறங்கிருவிய. உங்களை நானோ என்னை நீங்களோ இனிமே பாக்கப் போறதில்ல. எட்டாவது தீர்மானம் மட்டும் படிச்சுச் சொல்லுங்க. மெதுவா. பின்னால சீட்டுக்குக் கேக்கப்படாது. என்ன எழுதியிருந்தாலும் அப்படியே படிங்க, எனக்காக எதையும் விட்டுறாதிய. நான் அந்த மாதிரி ஆளு இல்ல தம்பி. அதை மட்டும் முதல்லயே சொல்லிருதேன்.

ம். ‘முதல் நடுவர் திரு. ஆறுமுகநயினார் அவர்களின் பார்வை சரியில்லாதது குறித்துப் பேசப்பட்டது.’ பாத்தியளா, நான் சொன்னேன்லா. மேல படிங்க. ம். ‘எல்லைக்கோடும் ஆட்டக்காரர்களின் எண்களும் அவருடைய...’ நிறுத்துங்க. திருப்பிப் படிங்க. ‘அவருடைய கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை அனைவரும் வருத்தத்துடன் கண்டனர்.’

கண்ணுக்கா? கண்ணுக்குன்னா போட்டிருக்கு? அந்தப் பிள்ளையைப் பத்தி ஒண்ணும் இல்லையா? கீழ பாருங்க. முழுசும் பாருங்க. ஒழுக்கம் கிழுக்கம்னு எங்கயாவது ஒரு வார்த்தை? இல்லையா? நிச்சயமா இல்லையா?

இருங்க. இவன் லேசுப்பட்ட ஆளு இல்ல. நான் மனுப் போட்ட பொறவு பழைய தாளை எடுத்துட்டு வேற எழுதிச் சேத்திருப்பான். தாள் நம்பர் வரிசையா இருக்கா? இருக்கா. ஆமா, தையலை நானே தடவிப் பாத்தேன். தேதி? தை மாசத்துத் தேதிதான். கீழ எத்தனை கையெழுத்து? பதினொண்ணா? ம். மேல படிங்க.

‘அவர் கண் சிகிச்சை முடிந்து திரும்பி வரும்வரை வேறு எவரையும் முதல் நடுவராக நியமிப்பதில்லை என்றும்...’ ம். ‘அதுவரை இரண்டாம் நடுவர் தரையில் நின்றே ஆட்டங்களை நடத்துவது என்றும்...’ ம். படிங்க தம்பி, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ‘மழை வெயிலில் கெடாமல் நடுவர் மேடையை நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டி வைப்பது என்றும்...’

என்ன பாய்?

நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீலம்னா போட்டிருக்கு?

அப்ப மேல யாரு நின்னா? நான் தெனமும் பாத்தேனே தம்பி. எட்டு மாசம் பாத்தேன். தோள் இருந்துச்சு, தலை இருந்துச்சு. அவனைப் பாத்து நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே. மாசானம் யாரைச் சொல்லுதியன்னு கேட்டானே. அவன் என் மூஞ்சியை ஏன் அப்படிப் பாத்தான்னு இப்பல்லா தெரியுது.

மிச்சம் என்ன? ஒரு வரிதானா? ‘இதனை அவர் மனம் நோகாதபடி நேரில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு செயலாளரைச் சேர்ந்தது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ கூறு கெட்ட பய. முருங்கைக்கா விலையைப் பத்திப் பேசுதான். பொறுப்பைக் குடுத்தா செய்யணும்லா? வராந்தாவுல கூடச் சொல்ல வந்தான். நான்தான் எழுத்துல குடுன்னேன்.

இல்ல, ஒண்ணும் இல்ல. தூசி. சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.

நாங்குநேரியா வருது? விசில் அடிச்சுட்டானா? தம்பி, எறங்குறதுக்கு முன்னால இந்த போன்ல ஒரு நம்பரை மட்டும் எடுத்து அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. இந்த வெளிச்சத்துல எனக்குத் தெரியல. வெளிச்சம் இல்ல, எனக்குத்தான் தெரியல. ஆமா, ஜெபசிங்குக்குத்தான். வள்ளியூர் பஸ்ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லணும், அங்க மினி பஸ் எதுன்னு நான் யார்ட்ட போய்க் கேப்பேன்?

ஜெபசிங்னு தேடாதிய, இருக்காது. களவாணின்னு போட்டிருக்கும்.